அம்மன் கால் நனையவில்லை

பெருங்கழிக்குப்பத்துச் சிவப்பிரகாசத்துக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பரம்பரையாக மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு இப்படி ஒரு கோளாறு இருந்தால் ஊர் சும்மா விடுமா? கட்டுமரம் அலையைத் தாண்ட வேண்டியதுதான், குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். வாலிப வயதில் அப்பா நாலைந்து தடவை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மரத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, “நைனா, கரைக்குப் போலாம் நைனா” என்று அழுததுதான் மிச்சம். கடைசியில் அப்பா தலையில் அடித்துக்கொண்டு, “எங்கனா போய்ப் படிச்சித் தொலை” என்று செங்கல்பட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தார். பாஸ் பண்ணவில்லை. வாய் மட்டும் முதல் வகுப்பில் தேறி வந்தது.

மகாபலிபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் கிடக்கிற அந்தக் குப்பத்தில் பேப்பர் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவர்தான். காலையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். எங்கே தொடங்கினாலும் இயற்கை, பணம், படிப்பு, மனுஷ மனசு என்ற நாலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்.

“இயற்கைக்கு நம்ம மேல கோவமும் கெடையாது, பாசமும் கெடையாது. அது பாட்டுக்கு அது கீது. நாமதான் அதுக்குக் கண்ணு மூக்கு வச்சிப் பேசிகினு கீறோம்” என்பார். “பணம்னா இன்னா? ஒர்த்தன் மேல ஒர்த்தன் வச்ச நம்பிக்க. அது போச்சின்னா வெறும் காயிதம்” என்பார். படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் குரலே மாறிவிடும். “மனப்பாடம் பண்றது படிப்பா? ஒரு விஷயம் ஏன் அப்படி கீதுன்னு கேக்கணும். அதாண்டா படிப்பு!” மனுஷ மனசைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. எடுத்துச் சொன்னால் எவனுக்கும் புரியும். புரியாத மனுஷன் என்று ஒருவன் கிடையாது. சொல்கிறவன்தான் சரியாகச் சொல்லவில்லை.

ஊர் அவருக்கு ‘லெச்சர்’ என்று பெயர் வைத்தது. அவர் பெண்டாட்டி சொர்ணம், தலையில் கூடை சுமந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் மீன் விற்றுக் குடும்பத்தை ஓட்டியவள். “கடலுக்குப் போனா வாந்தி, கரைக்கு வந்தா லெச்சரு. எப்படியும் இந்தாளு வாய் மூடாது” என்பாள். கேலி ஒரு பக்கம் இருந்தாலும் தாலுகா ஆபீஸுக்கு மனு எழுத, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைப் புரிந்துகொள்ள எல்லாரும் அவரிடம்தான் வந்தார்கள். அந்த மரியாதையை அவர் ரொம்ப ரசித்தார். ரசிக்கட்டுமே, பாவம், கடல்தான் அவரை மதிக்கவில்லை.

இப்போது அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குப்பத்துக்கு முன்னால் கடல், பின்னால் உப்புத் தண்ணீர் தேங்குகிற கழி, இரண்டுக்கும் நடுவே நீளமாய் ஒரு மணல்மேடு. வெயில் காலத்தில் கடல் மண்ணைத் தள்ளித் தள்ளிக் கழியின் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்தால் மேற்கே இருக்கிற ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து கழியில் வந்து விழும். வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். குப்பத்து ஆண்கள் மம்பட்டியோடு போய் மணலை வெட்டி வாயைத் திறந்துவிட வேண்டும். சீக்கிரம் வெட்டினால் கழியில் வளர்கிற இறால் கடலுக்கு ஓடிவிடும் என்று குப்பத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். தாமதித்தால் நெல் மூழ்கும் என்று மேற்கத்தி விவசாயிகள் வருவார்கள்.

இந்தச் சண்டைக்கு யாரோ ஒரு காலத்தில் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். கழிக்கரையில் கங்கையம்மன் கல் ஒன்று உண்டு. தண்ணீர் ஏறி அம்மனின் காலை நனைத்துவிட்டால் அன்றைக்கே கற்பூரம் காட்டி வெட்டிவிட வேண்டும். நனைகிறவரைக்கும் எவனும் மம்பட்டியைத் தொடக்கூடாது. குப்பமும் அதற்குக் கட்டுப்பட்டது, மேற்கத்தி ஊர்களும் கட்டுப்பட்டன. ஏன் கால், ஏன் இடுப்பு இல்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்பதுதான் படிப்பு என்று தினமும் கத்திக்கொண்டிருந்த சிவப்பிரகாசமும் கேட்டதில்லை.

அப்புறம் இறாலுக்குக் காலம் வந்தது. அதுவரைக்கும் அதைக் காயப்போட்டுக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தவர்களிடம், வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஐஸ் லாரிகள் வந்து நின்றன. லாரிக்காரர்களோடு பேசவும் எடை போடுவதை மேற்பார்வை பார்க்கவும் எழுத்துத் தெரிந்த ஆள் வேண்டுமே, சிவப்பிரகாசத்துக்கு முதல்முறையாக வருமானம் என்று ஒன்று வந்தது. கூரைகள் ஓடாக மாறின. டிரான்சிஸ்டர் இல்லாத வீடு இல்லை. கலியாணமான இளவட்டங்கள் தனிக்குடித்தனம் போக ஆசைப்பட்டு, மணல்மேட்டைச் சமன் பண்ணி அங்கே புதுத்தெரு என்று ஒரு வரிசை வீடு கட்டினார்கள். சிவப்பிரகாசத்தின் ஒரே மகள் அம்சாவும் மருமகன் சீனுவும் அங்கே கடைசி வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, சிவப்பிரகாசத்தின் அம்மா பெயரையே வைத்து ஆதி என்று கூப்பிட்டார்கள்.

எமர்ஜென்சி போன அந்த வருஷம் பங்குனியில் டீக்கடையில் அவர் ஒரு புதுப் பேச்சை எடுத்தார்.

“நம்ம எல்லாருக்கும் டப்பு வந்திச்சி, வூடு வந்திச்சி. அம்மா மட்டும் இன்னும் சேத்துலயே நிக்கிறா. வருசா வருசம் சாக்கடத் தண்ணி அவ கால்ல ஏறுது. மனுசன் ஒசந்தா சாமியும் ஒசரணுமா வேணாமா?”

எல்லாரும் கை தட்டினார்கள். நாட்டார் முத்துசாமி, அதாவது ஊர்த் தலைவர், எழுந்து நின்று, “லெச்சரு இன்னிக்கித்தான்யா உருப்படியா பேசிக்கீறாரு” என்றார். மகாபலிபுரத்து உளிக்காரர் ஒருவரை அழைத்துவந்து கருங்கல்லில் இடுப்பு உயரத்துக்கு மேடை செய்தார்கள். பழைய அம்மனை அப்படியே தூக்கி அதன் மேல் நிறுத்தினார்கள். மைக் செட், வாணவேடிக்கை, கிடா வெட்டு எல்லாம் நடந்தது. மேடையின் முகப்பில் ‘முயற்சி: சிவப்பிரகாசம்’ என்று செதுக்கியிருந்தது. சாயங்காலம் ஆளில்லாத நேரமாய்ப் பார்த்து அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். கடலுக்குப் போகாமலே ஊரில் பெயர் எடுத்தாயிற்று என்று நெஞ்சு நிறைந்து போயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் வாரம் தூறல், அப்புறம் ஓயாத அடைமழை. ரேடியோவில் காற்றழுத்தம், காற்றழுத்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கழி வீங்கியது. ஜனங்களுக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். இறால் விரல் பருமனைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் லாரிக்காரன் இரட்டை விலை தருவான். போகிறவன் வருகிறவன் எல்லாம் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “கால் இன்னும் நனையல” என்று சிரித்துக்கொண்டே போனான்.

அப்படி ஒரு நாள் காலையில் டீக்கடைக்கு மேற்கத்தி ஊரிலிருந்து காசிநாதன் வந்தார். ஏரிக்குக் கீழே நெல் வைத்திருக்கிற விவசாயி. வேட்டி தொடைவரைக்கும் சேறு. சிவப்பிரகாசத்தை அவருக்குப் பல வருஷமாய்ப் பழக்கம்.

“இன்னா சிவப்பிரகாசம், எப்ப வெட்றீங்கோ?”

“கால் நனையட்டும் அண்ணாத்த. ஊர் வழக்கமாச்சே.”

“வழக்கந்தான்யா, நான் இல்லன்னு சொன்னனா? ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. எங்கப்பா காலத்துல இருந்து பாக்கறேன். எங்க கீழண்ட வரப்ப தண்ணி தொட்டா, இங்க அம்மன் கால் நனையும். ரெண்டும் ஒரே நாள்ல. இப்ப வரப்பு முழுகி, பயிர் முழுகி, போர் அடிக்கிற களத்துல தண்ணி நிக்கிது. அம்மாவுக்கு மட்டும் இன்னும் வரலியா? தண்ணி சமமாத்தான நிக்கும்? இல்ல உங்க ஊர்ல மட்டும் சாஞ்சி நிக்கிதா?”

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “அம்மாவுக்கு உங்க நெல்லு மேல இன்னா கோவமோ” என்றான் மூர்த்தி. அவன் ஐஸ் லாரிக்குக் கூடை தூக்குகிறவர்களின் மேஸ்திரி. காசிநாதன் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. அவர் கையில் இருந்த டீ ஆறிப்போயிற்று. மேடை. இடுப்பு உயரம். அம்மனைத் தூக்கி வைத்தாயிற்று, தண்ணீரை யாரும் தூக்கி வைக்கவில்லை. அட, இது ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு! ஊர் பூராவும் தினமும் அந்த மேடையைத் தாண்டித்தான் போகிறது. கருங்கல்லைத் தண்ணீர் மூடிக்கொண்டு ஏறுவதை எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தவன் கண்ணுக்கெல்லாம் அம்மனின் காய்ந்த கால் மட்டும்தான் தெரிந்தது, அதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அவருக்கு மட்டும் வேறென்ன தெரிந்தது? செதுக்கின பெயர் தெரிந்தது.

குடையைக்கூட எடுக்காமல் மழையில் நடந்து புதுத்தெருவுக்குப் போனார். மேட்டின் மேல் நின்று பார்த்தார். ஒரு பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் கழி நிசப்தமாக, நெளியாமல், மேட்டின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. வழக்கமாய் வெட்டுகிற இடம் தெற்கே தள்ளி, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம். அங்கே மணல் இன்னும் உயரமாய் இருந்தது. வீடு கட்டச் சமன் பண்ணிய இந்த இடம்தான் தாழ்ந்து கிடந்தது. நாம் வெட்டாவிட்டால் தண்ணீரே தனக்கு இடம் பார்த்துக்கொள்ளும். அது எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அம்சாவின் வீட்டுப் பின்கதவில் பாவாடை ஒன்று நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுமரத்தில் ஏறினவர் மாதிரி மனுஷன் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நேரே நாட்டாரிடம் போய் ஊர்க்கூட்டம் போடச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் வலை வைக்கிற கொட்டகையில் ஆண்கள் கூடினார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். “நான் மேடை கட்டினதுல அம்மன் ஒசந்துட்டா, அடையாளம் தப்பாயிடுச்சி, உடனே வெட்டணும்.” இவ்வளவுதான். வருகிற வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். கொட்டகையில் எழுந்து நின்றதும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வழக்கமான சிரிப்பு, வழக்கமான மரியாதை. “இன்னா லெச்சரே, ஆரம்பி” என்றார்கள்.

ஆரம்பித்தார். ஐயோ, ஆரம்பித்தார்! இயற்கை என்பது நம் சொல்லைக் கேட்காது என்று ஆரம்பித்தார். வழக்கம் என்பது மனுஷன் செய்தது, காலம் மாறினால் வழக்கமும் மாற வேண்டும் என்றார். பணத்தாசை கண்ணை மறைக்கும் என்றார். விவசாயியும் நமக்குச் சகோதரன்தான் என்றார். ரேடியோவில் சொன்ன காற்றழுத்தம் வந்தது, மேலைநாட்டில் அணை கட்டுகிற விதம் வந்தது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை.  சொன்னால் இத்தனை பேரும் சிரிப்பார்கள். படித்தவன் பண்ணின காரியத்தைப் பார் என்பார்கள். மேடையில் செதுக்கின அந்தப் பெயருக்கு நேரே எவனாவது ஒருவன் எச்சில் துப்புவான். அவருடைய நினைப்பெல்லாம் அதிலேயே போயிற்று.

மூர்த்திதான் எழுந்தான். “லெச்சரே, அதெல்லாம் கெடக்கட்டும். நாளான்னிக்கி லாரி வருது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அம்மன் கால் நனைஞ்சிச்சா? ஆமாவா, இல்லியா?”

சிவப்பிரகாசம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“இல்ல.”

“அப்பால இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

கொட்டகை சிரித்தது. நாட்டார் மட்டும் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவருக்கும் கழியில் பங்கு உண்டு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நனைஞ்சதும் வெட்டிக்கலாம், கலைங்க” என்று சொல்லிவிட்டார்.

இருட்டுவதற்கு முன்னால் சிவப்பிரகாசம் மகள் வீட்டுக்குப் போனார். அம்சா அடுப்படியில் இறாலுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சீனு வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன். கடலில் சிங்கம். கரையில் மாமனார் பேச்சை வாய் பிளந்து கேட்கிற ஒரே ஆள்.

“அம்சா, ரெண்டு நாளைக்கு நம்ம வூட்டுல வந்து இருங்கம்மா. மாப்ளயும் வரட்டும்.”

“இன்னாத்துக்கு நைனா?”

“மழ பலமா கீதே.”

“மழைக்கா? ஓட்டு வூடு நைனா இது, ஒரு சொட்டு ஒழுவல. அங்க உன் வூடுதான் ஒழுவும்.” அவள் சிரித்தாள்.

சீனுவும் சிரித்துக்கொண்டே சொன்னான். “பயப்படாதீங்க மாமா. தண்ணி ஏறினா அம்மா காட்டிக் குடுத்துடுவா. நீங்கதான அவளுக்கு அவ்ளோ நல்ல எடம் கட்டிக் குடுத்தீங்கோ, நம்மள உட்டுடுவாளா?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கொட்டகை இல்லை, கூட்டம் இல்லை, சிரிக்க மூர்த்தி இல்லை. பெற்ற மகளும் பெறாத மகனும்தான் எதிரில் இருந்தார்கள். ஆனால் கேட்டீர்களா, அந்தப் பையன் கண்ணில் இருந்த நம்பிக்கைதான் அவர் வாயை இன்னும் இறுக்கிக் கட்டியது. ஊர் சிரித்தால்கூடத் தாங்கியிருப்பார். இவன் முகம் மாறுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஆதியையாவது குடும்மா. உங்கம்மா பாக்கணும்ன்றா.”

“இட்டுகினு போ, எனக்கும் வேல ஆவும்” என்றாள் அம்சா. துணி ஒன்றை எடுத்துக் குழந்தையின் தலையில் போர்த்திவிட்டாள். “நாளைக்கிக் காலைல நாஸ்தாவுக்கு நாங்களே வரோம். அம்மாகிட்ட சொல்லு.”

மறுநாள் மழை விட்டிருந்தது. வெயில்கூட லேசாக அடித்தது. சிவப்பிரகாசம் ராத்திரி பூராவும் புரண்டு, ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நாட்டார் வீட்டுக்குப் போய், தனியாய், காதோடு அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவது. போகிற வழியில் கழிக்கரையில் நின்றார். மேடையின் மேல்விளிம்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது, அவர் பெயரும் தண்ணீருக்கடியில் போயிருந்தது. அம்மன் தண்ணீரின் மேலே நிற்பது போல் நின்றாள். கால் நனையவில்லை. தண்ணீருக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு கயிற்றின் பருமன் அளவுக்கு இடைவெளி இருந்தது.

அவர் நாட்டார் வீட்டுப் படியில் கால் வைத்தபோது கிழக்கே சத்தம் கேட்டது. இடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்புறம் பெண்கள் கத்துகிற சத்தம் வந்தது. எல்லாரும் ஓடினார்கள்.

புதுத்தெரு பாதி இல்லை. மணல்மேடு வாயைப் பிளந்திருந்தது. கழித் தண்ணீர் பூராவும் பழுப்பாய்ச் சுழித்துக்கொண்டு அந்த வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓடு, கதவு, கோழிக்கூண்டு, டிரான்சிஸ்டர் பெட்டி எல்லாம் போயின. நின்றவர்கள் காலுக்குக் கீழேயே கரை இடிந்து இடிந்து விழுந்தது, கிட்டே போக முடியவில்லை. வளர்த்த இறால் அவ்வளவும் அதே வழியில் கடலுக்குப் போயிற்று. அதைப் பார்க்கக்கூட அங்கே யாருக்கும் மனசு இல்லை.

அம்சா தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போயிருந்தாள். இடுப்புக் குடத்தோடு இந்தக் கரையில் நின்று, தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டுக் கிழவி மாரியம்மாவும் தண்ணீரோடு போய்விட்டாள். கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சாத பையன், படுத்த பாயோடு போனான். அடுத்த நாள் பொழுது சாய, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டைக்கு நேரே ஒதுங்கினான். குப்பத்து ஆட்கள் போய்த் தூக்கி வந்தார்கள்.

சிவப்பிரகாசம் அழவில்லை. அழுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். திண்டாடித் திண்டாடி யோசித்தார். இயற்கைக்குக் கோபம் இல்லை, பாசம் இல்லை என்று எத்தனை வருஷம் பேசியிருப்பேன். அதுதான் உண்மை என்றால் இதைச் செய்தது யார்? தண்ணீர் அதன் வேலையைச் செய்தது. தண்ணீருக்கும் மனுஷனுக்கும் நடுவே யாரோ ஒரு பெரியவர் ஒரு கல்லை நட்டு வைத்து, படிக்காத ஜனங்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு பாடம் எழுதி வைத்திருந்தார். பணம் வந்ததும் அந்தப் பாடத்தை அழகாக்கினேன் நான். அழகாக்கி அழித்தேன். படித்தவன் நான் ஒருவன்தானே அந்த ஊரில்? இப்படி ஓயாமல் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தார் மனுஷன். சோறு இறங்கவில்லை.

கருமாதி அன்றைக்கு ஊர் பூராவும் அவர் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே கூடியிருந்தது. மடியில் குழந்தை ஆதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிவப்பிரகாசம் திடீரென்று வாயைத் திறந்தார். எழுந்திருக்கவில்லை, குரலும் உயர்த்தவில்லை.

“எல்லாரும் கேளுங்க. நான் மேடை கட்டினதுல அம்மன் ஒசந்துட்டா. அதனால அடையாளம் தப்பாயிடுச்சி. பழைய எடத்துல இருந்திருந்தா ஒரு வாரம் முன்னாடியே கால் நனைஞ்சிருக்கும், நாமளும் வெட்டியிருப்போம். சீனுவக் கொன்னது நான்.”

அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். சரியான பேச்சும் அதுதான். கைக்குழந்தைக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருந்தார்.

ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ள ஒருவரும் தயாராக இல்லை. அது அவர் தப்பு என்றால், தண்ணீரில் மேடை மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு இறால் விலையைப் பேசினவன் தப்பு என்ன என்ற கேள்வி வருமே! மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். நாட்டார் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

“மனசு ஒடஞ்சி பேசற சிவப்பிரகாசம். அம்மா கேட்டா, எடுத்துக்கினா. அவ கணக்கு நமக்குத் தெரியுமா? நீ இன்னா பண்ணுவ?”

“அம்மா கேக்கலய்யா! நான்தான்...”

“தண்ணி குடு அவருக்கு” என்றார் நாட்டார். யாரோ சொம்பை நீட்டினார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், எல்லாம் அம்மன் பெயரில். அவர் சொன்ன வாக்கியம் அந்த ஒப்பாரியில் எங்கேயோ போய்விட்டது. எடுத்துச் சொன்னால் எவனுக்கும் புரியும் என்று நம்பின மனுஷன், சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை. யாராவது திட்டமாட்டார்களா என்று இருந்தது அவருக்கு.

ஜனங்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அம்சா உள்ளேயிருந்து வந்தாள். சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை நாளில் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“நைனா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னிக்கிப் பொழுது சாய வந்து புள்ளைய மட்டும் கேட்டியே. அப்பவே உனக்குத் தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஊரே ஒரு பொய்யைச் செய்து கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தது.

“தெரியும்மா.”

“எங்கையில சொல்லியிருக்கலாமே. எங்க ரெண்டு பேரு கையில மட்டும். நாங்க வந்திருப்பமே நைனா.”

அவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெக்கமா இருந்திச்சிம்மா.”

அம்சா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. குனிந்து அவர் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினாள். அது தாத்தாவின் விரலை விடமாட்டேன் என்று பிடித்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டுபோய், கதவோரம் நின்ற சொர்ணத்தின் இடுப்பில் வைத்தாள்.

“அம்மா, இனிமே எம்புள்ளைய இவரு கையில குடுக்காத” என்றாள்.

சொர்ணம் புருஷனைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.